கேட்டுக்கு வெளியே ஒரு டிபன் கடை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உலைப் புகையும் லாரிப் புழுதியும் படிகிற சாலையோரங்களில், விடியுமுன்பே இட்லி வேகத் தொடங்கிவிடும். பெஞ்சு இரண்டு, தகரக் கூரை ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேரைக் கடைக்காரருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். இத்தகைய கடைகள் ஏதோ பிழைப்புக்காகத் தற்செயலாக முளைத்தவை என்று பேசுவது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. இவற்றுக்கு இடம் உண்டாக்கியது தொழிலாளர் சட்டம் விட்ட இடைவெளி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில்தான் கேன்டீன் வேண்டுமென்று மாநில அரசு விதி செய்ய முடிந்தது. 1940இல், போருக்கு நடுவே, பிரிட்டன் தன் ஆலைகளுக்குப் போட்ட கேன்டீன் ஆணையிலும் இதே 250தான் எல்லை. பெரிய ஆயுத ஆலைகளுக்குப் பொருந்திய கணக்கு அது. ரோலிங் மில்லும் ரசாயனப் பட்டறையுமாக நிறைந்த கும்மிடிப்பூண்டியில் அந்த எல்லைக்குள் வராத ஆலைகள் பல. அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு, 5 மணி நேரம் வரை இடைவேளையின்றி வேலை வாங்க அனுமதித்தது. காலை 6 மணி ஷிப்டுக்கு உள்ளே போனவர் 11 மணி வரை பசி தாங்க வேண்டியிருக்கலாம். கேட்டைத் தாண்டுமுன் சாப்பிட்டால்தான் உண்டு.

இவ்வழியே போகும் ஜி.என்.டி. நெடுஞ்சாலை பழைய பாதையாயிற்றே, லாரிக்காரர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகள் எப்போதும் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் நெடுஞ்சாலைக் கடை, வழியில் போகிறவரை நம்பி இரவெல்லாம் திறந்திருக்கும். கேட் கடையின் கடிகாரம் வேறு. இரும்பு உருக்கும் உலையை அணைத்து மறுபடி சூடேற்றுவது பெருஞ்செலவு என்பதால் வேலை மூன்று ஷிப்டாக ஓடுகிறது. கடையின் கூட்டமும் ஷிப்டோடு ஏறி இறங்குகிறது. 1979இல் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் ரயில் பாதை மின்மயமான பிறகு, வீட்டில் அடுப்பு பற்றவைக்குமுன்பே புறப்பட்டு வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். இன்னொரு சான்று கணக்கு நோட்டு. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1,000 பேருக்குக் குறைவான ஆலைகளில் மாதம் முடிந்து 7ஆம் தேதிக்குள் சம்பளம் தரச் சொன்னது. அதுவரை இட்லியும் பொங்கலும் கணக்கில் ஏறும். சம்பளம் வந்ததும் கடன் அடையும். வழிப்போக்கருக்கு யாரும் இப்படிக் கடன் கொடுப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்காகப் பூரியும் கிழங்கும் சேர்ந்துகொண்டது, வாடிக்கையாளரை அறிந்து கடை நடத்தும் இந்தப் பழக்கத்தின் நீட்சியே.

கேன்டீன் பெருகினால் இந்தக் கடைகள் தாமாக மறையும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 100 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே கேன்டீன் கேட்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தே 100 என்று எல்லையைக் குறைத்திருக்கிறது. நல்ல மாற்றம், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆயினும் சிறு பட்டறைகள் நிறைந்த திருவள்ளூர் காக்களூர் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளில், இருபது முப்பது பேரை வைத்து நடக்கும் லேத் பட்டறையை அந்த எண்ணிக்கையும் எட்டாது. மனை வரைபடத்தில் ஆலைக்கும் சாலைக்கும் வடிகாலுக்கும் இடம் ஒதுக்கியவர்கள், அங்கே வேலை செய்பவர் காலையில் உட்கார்ந்து சாப்பிட நாலு சென்ட் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காததால்தான் டிபன் கடை இன்னும் ஆக்கிரமிப்பு என்ற பெயரோடு சாலை விளிம்பில் நிற்கிறது.