2,000 ரூபாய் மிக்ஸிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா?

வேலை கிடைத்து செம்பூரிலோ மாட்டுங்காவிலோ வீடு எடுத்தால், முதலில் வாங்கும் பொருட்களில் மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, ப்ளூடூத் ஹெட்போன் கண்டிப்பாக இருக்கும். பில் போடும்போது கடையில் ஒரு கேள்வி வரும்: "இன்னும் 400 ரூபாய் கொடுத்தா ஒரு வருஷம் கூடுதல் வாரண்டி, சேர்த்துடலாமா?"

விலை குறைந்த பொருட்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில். ஏன் என்று பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு, மிக்ஸி விலை 2,000 ரூபாய். கூடுதல் வாரண்டி 400 ரூபாய். வெளியே ரிப்பேர் செய்தால் 800 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரண்டி லாபமாக இருக்க, அந்த ஒரு வருஷத்தில் இரண்டில் ஒரு மிக்ஸியாவது பழுதாக வேண்டும். புது மிக்ஸியே வாங்க வேண்டி வந்தாலும், ஐந்தில் ஒன்று கெட்டுப்போனால்தான் கணக்கு சரியாகும்.

எலெக்ட்ரானிக்ஸ் பொருட்கள் பொதுவாக இரண்டு கட்டங்களில்தான் அதிகம் பழுதாகும். தயாரிப்பில் குறை இருந்தால் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். அதை கம்பெனியின் இலவச வாரண்டியே பார்த்துக்கொள்ளும். அடுத்தது, பல வருஷம் உழைத்துத் தேய்ந்த பிறகு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இடைப்பட்ட காலத்தைத்தான்.

எதெல்லாம் கவர் ஆகாது?

மும்பை மழையில் நனைந்த போன், கீழே விழுந்து உடைந்த ஜார், பேட்டரி தேய்மானம் ஆகியவை பல திட்டங்களில் சேராது. சில திட்டங்கள், பொருள் பழசானதற்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைத்துக்கொள்ளும். சர்வீஸ் யார் செய்வார்கள், கம்பெனியா, வேறு நிறுவனமா என்பதையும் கேளுங்கள்.

கேட்காமலேயே சேர்த்துவிட்டால்?

ஆன்லைனில் உங்கள் அனுமதி இல்லாமல் கூடுதல் பொருளையோ சேவையையோ கார்ட்டில் சேர்ப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. பணம் கட்டும் முன் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பிரிட்டனில் 2005 முதல், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட இத்தகைய வாரண்டியை 45 நாட்களுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். அதற்குள் கிளெய்ம் செய்திருக்கக் கூடாது.

இலவச வாரண்டியையே மறுத்தால்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீர்வு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். அதாவது, திருநெல்வேலியில் வாங்கிய பொருளுக்கு மும்பையிலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சனை எழுந்த 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பில்லை போட்டோ எடுத்து வையுங்கள். மங்கிப்போன பில் உதவாது.

எப்போது வாங்கலாம்?

பெரிய டிவி, ஏசி, ஃபிரிட்ஜ் போல, ஒரு ரிப்பேரே மாதச் சம்பளத்தைப் பதம் பார்க்கும் பொருளாக இருந்தால் யோசிக்கலாம்.

மற்றவற்றுக்கு அந்த 400 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐந்து பொருளுக்கு அப்படி வைத்தால் 2,000 ரூபாய், ஒரு புது மிக்ஸியின் விலை. சின்னப் பழுது என்றால் தாராவியின் ரிப்பேர் கடைகளும் லேமிங்டன் ரோடும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இலவச வாரண்டி முடியும்வரை வெளியே கொடுத்துப் பிரிக்காதீர்கள். பிரித்தால் அந்த வாரண்டியே செல்லாமல் போகலாம்.