வடக்குத்தில் ஒலிக்கும் தக்னி

வடக்குத்தில் நம் அண்டை வீட்டுப் பெரியவர் நெய்வேலிச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பூர்வீகம் வாணியம்பாடி. பேரனை அவர் 'நக்கோ' என்று தடுத்தால், அவன் 'ஏன் தாதா?' என்று தமிழில் கேட்கிறான். அவன் தந்தையின் பருவத்தில் 'கைக்கு?' என்றே அக்கேள்வி எழுந்திருக்கும்.

'நக்கோ' மராத்தி தந்த சொல். சுல்தான் முஹம்மது பின் துக்ளக் 1327இல் தவ்லதாபாதைத் தலைநகராக்கியபோது குடிபெயர்ந்தோரின் பேச்சு, தக்கணத்து மண்ணில் கலந்து தக்னியாக வளர்ந்தது. பிஜாப்பூர்ப் படை 1649இல் செஞ்சியைக் கொண்டதும் அது தென்னாற்காட்டை எட்டியது. பிஜாப்பூரின் ஆளுநர் ஷேர்கான் லோதி 1677இல் சிவாஜியிடம் தோற்றது, பண்ருட்டியை அடுத்த திருவதிகையில்தான். பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் காலம் மேலும் பல குடும்பங்களைக் கொணர்ந்தது.

பரங்கிப்பேட்டை போன்ற கரையூர்களின் முஸ்லிம்களோ கடல்வணிக வழிவந்தோர். தமிழே தாய்மொழி, அதை அரபு எழுத்திலும் எழுதினர். இரு சாராரும் ஒரே கிப்லாவை முன்னோக்கினர். ஆயினும் ஒருவர் பேச்சை மற்றவர் எள்ளியதுண்டு. நாம் ஓதிய மத்ரஸாவில் அரபுச் சொல்லுக்கு உர்தூவிலேயே பொருள் சொல்வர். அதை மனத்துக்குள் தமிழாக்கியே பாடம் கேட்டோம். அந்த இரட்டைச் சுமையை அன்று வெறுத்தோம் என்பதை மறைப்பானேன்?

ஆண்டவர் மொழிதான் நிலைக்கும் என்பதுமில்லை. நைஜீரியாவின் வடபகுதியில் 1804இல் ஷெய்கு உஸ்மான் தன் ஃபோதியோ தொடங்கிய இயக்கத்தால் ஃபுலானியர் ஹவுஸா நாடுகளை ஆண்டனர். நகரங்களில் குடியமர்ந்த அவர்தம் வழியினரோ பெரும்பாலும் ஹவுஸா பேசுவோராயினர். ஹவுஸாவும் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அரபுத்தமிழ் அறிந்த நமக்கு இது புதிதன்று.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. வாணியம்பாடியில் தெருவே பள்ளிக்கூடமாக நின்று உர்தூவைக் காத்தது. இங்கோ பல ஊரார் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தனர்; பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கற்றனர். ஓய்வுக்குப் பின் குடியிருப்பைக் காலிசெய்து வடக்குத்தில் வீடு கட்டியோரிடம் பேச்சு சிறிது தங்கியது, எழுத்துத் தங்கவில்லை.

சென்ற மாதம் பெரியவர் ஒரு பழங்கடிதம் கொணர்ந்தார். 1971இல் அவர் தந்தை உர்தூவில் எழுதியது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. மகனுக்கோ பேரனுக்கோ அவ்வெழுத்துத் தெரியாது. தமிழ் வீட்டில் பிறந்த நாம் அதை வாசித்து, பேரனுக்குத் தமிழில் பொருள் சொன்னோம். நலம் விசாரித்தபின் அவர் கேட்டிருந்தது ஒன்றே: நெய்வேலியில் குழந்தைகளுக்கு உர்தூ கற்றுத்தர ஆள் கிடைப்பாரா?