நொண்டியாவது வீடு சேர்

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஒர்க்‌ஷாப்களுக்கு வந்து நின்ற கிறைஸ்லர் மினிவேன்களில் ஒரே புகார் திரும்பத் திரும்பக் கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று சோர்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும். வேகம் மட்டும் ஏறாது. சிக்னலில் நின்று கிளம்பினால் முதல் கியர் விழாது, மூன்றாவதும் விழாது. இரண்டாவதிலேயே முனகிக்கொண்டு ஊரும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் நான்கு கியரும் வேலை செய்யும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்த பல மெக்கானிக்குகள் குழம்பிப்போனார்கள். கிளட்ச் தட்டுகள் தேயவில்லை. பல்சக்கரங்களில் ஒரு கீறலும் இல்லை. அப்படியானால் எது கெட்டுப்போனது?

வண்டியின் கம்ப்யூட்டர் எதையோ கண்டு சந்தேகப்பட்டு, மேற்கொண்டு சேதம் வரக்கூடாதென்று கியர் மாற்றுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. கிறைஸ்லர் பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘லிம்ப்-இன்’: நொண்டிக்கொண்டாவது வந்து சேர்வது. பிற்பாடு உலகம் முழுக்க ‘லிம்ப் மோட்’ என்ற பெயர் நிலைத்தது. காட்டு வழியில் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல், ஒரே கியரிலாவது ஆளை ஒர்க்‌ஷாப் வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கதையில் இந்த ஏற்பாடு மிகத் தாமதமாகவே வந்தது. தன்னைத் தானே சந்தேகிக்கும் அறிவு அதற்கு முந்தைய கியர்பாக்ஸ்களுக்குக் கிடையாது.

அந்தக் கதை தொடங்குவது ஒரு கப்பல் கட்டும் தளத்தில். ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) வல்கன் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கருக்கு ஒரு சிக்கல். நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுழலும்; கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரைத் தள்ளும். இரண்டையும் பல்சக்கரத்தால் இணைக்காமல், நடுவே திரவத்தை வைத்தார் அவர். ஒரு சக்கரம் திரவத்தை வீசும், எதிரே உள்ள சக்கரம் அந்த வீச்சில் சுழலும். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற இந்த யோசனையின் வாரிசுதான் இன்றைய கார்களில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர்.

இந்தத் திரவ இணைப்போடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் காருக்குள் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். கியர் மாற்றும்போது வரும் கரகர ஓசையை ஒழித்த சின்க்ரோமெஷ் அமைப்பை உருவாக்கிய ஏர்ல் தாம்சன்தான் அங்கே இந்தப் பணிக்கும் தலைமை தாங்கினார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ‘ஹைட்ரா-மேட்டிக்’ வந்தது. நான்கு முன் கியர். கூடுதல் விலை வெறும் 57 டாலர். கிளட்ச் பெடலே இல்லை. பார்க் என்ற நிலையும் இல்லை. வண்டியை நிறுத்திவைக்க இன்ஜினை அணைத்து ரிவர்ஸில் விட்டுவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள் இரண்டு காடிலாக் இன்ஜின்களோடு இரண்டு ஹைட்ரா-மேட்டிக்குகள் ஏறின. போர் முடிந்ததும் அந்தப் பெருமையே நல்ல விளம்பரமானது. ரோல்ஸ்-ராய்ஸ்கூட 1950-களில் இந்தக் கியர்பாக்ஸைத் தன் கார்களில் பொருத்தியது.

எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் கியரை எப்போது மாற்றுவது என்று யார் முடிவு செய்தார்கள்? ஆயில்தான். அந்த அமைப்பைப் பார்க்கப் பார்க்க வியப்பு தீராது. வெளிச்செல்லும் தண்டோடு சேர்ந்து சுழலும் கவர்னரில் சின்னச் சின்ன எடைகள். வண்டி வேகமெடுக்க எடுக்க அவை வெளிப்பக்கமாக விரிந்து ஆயிலின் அழுத்தத்தைக் கூட்டும். இன்னொரு பக்கம், ஆக்சிலரேட்டரோடு இணைந்த வால்வு ஒன்று, ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறாரோ அவ்வளவு அழுத்தம் தரும். இந்த இரண்டு அழுத்தமும் ஒரு சிறு வால்வின் இரு முனைகளில் கயிறிழுக்கும் போட்டிபோல எதிரெதிராக நிற்கும். வேகம் வென்றால் மேல் கியர். மிதி வென்றால் கீழ் கியர். வால்வு பாடி என்ற அந்த உலோகத் தகட்டில் குடைந்த வளைந்து நெளிந்த பாதைகளே கியர்பாக்ஸின் மூளை.

இந்த மூளை பழுதானால் வைத்தியம் பார்க்கப் புலன்களே போதும். மெக்கானிக் ஆயில் கம்பியை உருவி விரலில் தேய்ப்பார். சிவப்பாக இருந்தால் நலம். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் போய்விட்டது. கியர் வழுக்கினால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பார். எல்லாம் மெல்ல மெல்லத்தான் கெடும்; நோய் முற்றுவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஆயிலுக்குள்ளும் ஒரு சோகக் கதை உண்டு. கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் வழுவழுவென்று பிடிக்க, பல ஆண்டுகள் அதில் கலக்கப்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். 1967-இல் வந்த முதல் டெக்ஸ்ரான் ஆயிலிலும் அது இருந்தது. திமிங்கிலங்களைக் காக்கும் சட்டங்கள் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த எண்ணெயின் வருகையை அடைத்தன. அடைத்தது நல்லது, ஒரு வண்டி மென்மையாகக் கியர் மாற்றுவதற்கு அவ்வளவு பெரிய உயிர் ஈடாகாது. ஆனால் மாற்று ரசாயனம் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு ஆயில், தனக்கென ஒரு உராய்வுக் கணக்கு என்று பிரிந்துபோவது வளர்ந்தது. ‘எல்லா ஆயிலும் ஒன்றுதானே’ என்ற பழக்கம் மட்டும் ஒர்க்‌ஷாப்களில் அப்படியே தங்கிவிட்டது.

மின்னணு நுழைந்தது படிப்படியாக. 1960-களின் இறுதியில் ரெனோ 16 காரின் ஆட்டோமேட்டிக் வகையில் அது எட்டிப் பார்த்தது. 1980-களில் ஜெர்மானிய, ஜப்பானியக் கார்களில் வேரூன்றியது. துணிந்து முழுக்க மாறியது கிறைஸ்லர்தான். இண்டியானா மாநிலத்தின் கோகோமோ நகரில் தயாரான ஏ604 ‘அல்ட்ராடிரைவ்’ 1989 மாடல் வண்டிகளில் வந்தது. ஆக்சிலரேட்டருக்கும் வால்வு பாடிக்கும் இடையில் இருந்த இணைப்பு போயிற்று. ஐந்து கிளட்ச், ஆயில் பாதைகளை மின்சாரத்தால் திறந்து மூடும் நான்கு சோலினாய்டு, உள்ளே வரும் வேகத்துக்கு ஒரு சென்சார், வெளியே போகும் வேகத்துக்கு ஒன்று.

கம்ப்யூட்டர் இடைவிடாமல் வகுத்தல் கணக்குப் போடும். முதல் கியரில் விகிதம் 2.84, இரண்டாவதில் 1.57, மூன்றாவதில் 1.00, நான்காவதில் 0.69. சென்சார்கள் சொல்லும் எண்கள் இந்த விகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அது கருதும். உடனே ஒரு ரிலேயை அணைத்துவிடும்; சோலினாய்டுகளுக்கு மின்சாரம் நிற்கும். மின்சாரம் இல்லாதபோது ஆயில் தானாக ஓடும் வழி இரண்டாம் கியருக்குப் போகும்படி பொறியாளர்கள் முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். ரிவர்ஸ், பார்க், நியூட்ரல் மூன்றும் கைவசம் இருக்கும். முதல் கியரில் விட்டால் வண்டி நத்தை; நான்காவதில் விட்டால் மேடேறாது. சில ஜெர்மன் கியர்பாக்ஸ்கள் மூன்றாவதையோ அதற்கு மேலான கியரையோ தேர்ந்தெடுத்தன.

யோசனை அருமை, நடைமுறை கசந்தது. சென்சார் ஒன்று செத்தாலும், கனெக்டரில் களிம்பு ஏறினாலும், வயர் ஒன்று தளர்ந்தாலும் கணக்கு தவறி, நல்ல கியர்பாக்ஸ் நோயாளியாகத் தெரிந்தது. ஆயில் இன்னொரு வினை. கிறைஸ்லரின் தனி ஆயிலுக்காக வடிவமைத்த கிளட்சுகளுக்கு டெக்ஸ்ரான் ஒத்துவரவில்லை. அவசரத்துக்கு அதையும் ஊற்றலாம் என்று தொடக்க கால வண்டிகளில் இடம் கொடுத்திருந்ததால், பலர் அதையே ஊற்றினார்கள். வண்டி அதிர்ந்தது, கணக்கு பிசகியது, லிம்ப் மோட் வந்தது. உண்மையாகவே கெட்டுப்போன கிளட்சுகளும் நிறைய இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவற்றோடு சேர்ந்து, குற்றமற்ற எத்தனையோ பாக்ஸ்களும் பழைய வழக்கப்படி கழற்றிப் பிரிக்கப்பட்டன. கை தேர்ந்த மெக்கானிக்குகளின் காதும் மூக்கும் முதன்முறையாகக் கைவிட்ட காலம் அது.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பழுதறியும் முறை கட்டாயமானது. ஒரே வடிவச் செருகி, பொதுவான பழுதுக் கோடுகள். பி0700 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளே வேறு கோடு காத்திருக்கும். பி0715 உள்வேக சென்சாரின் சிக்னலைக் காட்டும், பி0730 விகிதம் தப்பியதைச் சொல்லும். பி0730 வந்ததும் கிளட்சைப் பழி சொல்வது அவசரம். ஆயிலின் அளவு குறைந்தாலும் அதே கோடுதான் வரும்.

அதே 1996-இல் அறிமுகமான மெர்சிடிஸின் ஐந்து கியர் 722.6 இதற்கு நல்ல சாட்சி. இந்தியாவில் மகிந்திரா விற்ற ரெக்ஸ்டனின் ஆட்டோமேட்டிக் வகையிலும் மெர்சிடிஸின் ஐந்து கியர் பாக்ஸே இருந்தது. 722.6-இன் பக்கவாட்டில் 13 பின் கொண்ட ஒரு பிளாஸ்டிக் செருகி வயரிங்கை உள்ளே விடுகிறது. அதன் ரப்பர் வளையங்கள் வயதாகி இறுகியதும் ஆயில் கசியும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்த ஆயில் வயர் இழைகளின் ஊடே மெதுவாக ஏறி, தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேரும். கியர்பாக்ஸ் பழுதில்லை, கம்ப்யூட்டரும் முதலில் பழுதில்லை. வண்டி மட்டும் இரண்டாம் கியரில் நொண்டும்.

இதை அறிந்த மெக்கானிக் வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் கம்ப்யூட்டர் பெட்டியின் கனெக்டரைக் கழற்றி விரலால் தடவுவார். விரலில் ஈரம் பட்டால் போதும். கனெக்டரைத் துடைத்து, செருகியைப் புதிதாக மாட்டி, கையடக்க ஸ்கேனரில் பழுதுக் கோடுகளை அழிப்பார். இந்த பாக்ஸில் ஆயில் கம்பியே கிடையாது; ஒர்க்‌ஷாப்பில் தனியாக வைத்திருக்கும் நீண்ட அளவுகோலை இறக்கி, ஆயில் 80 டிகிரி சூடேறிய பிறகு அளவு பார்ப்பார். பிறகு வண்டியைத் தெருவுக்கு எடுத்துப்போய், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அது மாறும் அந்தச் சிறு அசைவுக்காகக் காத்திருப்பார்.