சைக்கிள் கோஷ்டி

தனியாகச் சைக்கிளில் போகிறவரை நம் ஊரில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தபால்காரர், பால்காரர், மீன்காரர், டியூஷனுக்குப் போகிற பையன் என்று ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் ஒரு காரியம் உட்கார்ந்திருக்கிறது. காரியம் ஒன்றும் இல்லாமல் 18 பேர் வரிசையாக வந்து இறங்கினால்தான் ஜனங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு நின்று பார்க்கிறார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்களை அப்படித்தான் பார்த்தார்கள்.

லைட்ஹவுஸ் குப்பம் பழவேற்காட்டுக்கு அக்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்காள விரிகுடா. நடுவே கிடக்கும் மணல் திட்டில் மீனவர் குடியிருப்புகள். அந்தக் கரையில் முதல் கலங்கரை விளக்கம் 1859-ஆம் வருஷம் எழுந்தது. அதுவே ஊருக்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. அதைச் சுத்தத் தமிழில் எழுதித் தபாலில் போட்டால் போய்ச் சேருமா என்பது சந்தேகம். சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வந்து, பாலத்தைத் தாண்டினால் ஊர். சுமார் 60 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர்களுக்கு இது பெருமைப்படப் போதுமான தூரம். போய்ச் சேர்ந்த பிறகு பார்ப்பதற்குக் கடலும் இருக்கிறது.

ஒரு சங்கத்தாரோடு சேர்ந்து சைக்கிளில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. தனியாகச் சைக்கிள் விடத் தெரிந்தவருக்குக் கூட்டத்திலும் விடத் தெரியும் என்று எண்ணுவது, குளிக்கிற அறையில் பாடுகிறவர் பஜனையிலும் பாடிவிடலாம் என்று எண்ணுவது போன்றது. பஜனைக்கு உரிய கட்டுப்பாடுகள் அத்தனையும் இதற்கும் உண்டு. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கையைத் தாழ்த்திக் காட்டுகிறார். அந்தச் சைகை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க் கடைசி ஆள் வரை சேருகிறது. பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் அதே போல் முன்னால் ஓடுகிறது. இரண்டு பேருக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகக்கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கக்கூடாது. விடியற்காலை இருட்டில் இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்ன பையனுக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம்.

"பயப்படாதீங்கம்மா. உங்களுக்குப் பின்னாலே எப்பவும் ஒருத்தர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது" என்றான்.

அந்த ஒருவர் பம்ப், பஞ்சர் சாமான், மாற்று ட்யூப் எல்லாம் சுமந்துகொண்டு கடைசியில் வருகிற மனிதர். அவருக்கு நல்ல வேகம் உண்டு. அந்த வேகத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் அவருடைய உத்தியோகம்.

பொன்னேரிக்கு அப்பால் சாலை திறந்த வெளியில் போகிறது. உப்பங்காற்று எதிரே வந்து மார்பில் கையை வைத்துத் தள்ளுகிறது. இந்த இடத்தில்தான் கோஷ்டியின் அருமை தெரியும். முதலில் போகிறவர் காற்றைத் தாங்குகிறார். அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் போகிறவருக்குப் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. ஆகவே ஆள் மாற்றி ஆள் முன்னால் வருகிறார்கள். முறை வைத்துக் காற்றை வாங்குகிறார்கள் என்று சொல்லலாம்.

முறை என்கிற சொல் பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏரிக்கரை மீனவ ஊர்கள் சிலவற்றில் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. முகத்துவாரத்துக்கு அருகே மீனும் இறாலும் அதிகம் அகப்படுகிற இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். ஊரில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் அதில் பங்கு உண்டு. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை கிடைக்காது. இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்தச் சர்க்காரும் கண்டுபிடித்துவிட முடியாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தத் தலைக்கட்டு என்பது பட்டினவர் குலத்தில், அதிலும் சில ஊர்களில் பிறந்தவர்களுக்குத்தான் உரியது. அதே ஏரியில் வலை வீசிப் பிழைக்கும் மற்றவர்களுக்குப் பாட்டில் இடமில்லை. அதனால் வந்த பிணக்குகளும் கொஞ்சமல்ல. உள்ளே இருப்பவர்களுக்குள் எவ்வளவு சமத்துவமோ, வெளியே நிற்பவர்களுக்கு அவ்வளவு உயரமான மதில்.

டச்சுக்காரர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள், அடிமைகளையும் வாங்கி விற்றார்கள். கல்லறைகளை விட்டுப் போனார்கள். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் பழவேற்காட்டிலிருந்து யாரும் திரும்புவதில்லை. நாங்களும் பார்த்தோம். எனக்கு உயிரோடு இருக்கிறவர்களின் பேச்சுத்தான் ருசித்தது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் ஏலம் முடிகிற நேரம். அலுமினிய அன்னக்கூடையில் இறாலை நிரப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"எங்கேம்மா போறீங்க இத்தினி பேரு?"

"இங்கேதான் வந்தோம்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா வர்றதுக்கா இத்தினி பேரு?" என்று சிரித்தாள். பிறகு எங்கள் வரிசையில் சாய்த்து வைத்திருந்த ஒரு சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். அதன் விலை லட்ச ரூபாய்க்கு மேல். அது அவளுக்குத் தெரியாது. ஆனால் கனம் தெரிந்தது. "நானுந்தான் நல்லா சைக்கிள் உடுவேன். நான் வந்தா சேர்த்துக்குவீங்களா?"

"தாராளமா வாங்கக்கா" என்றான் எங்கள் பையன். மனசார்த்தான் சொன்னான். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேள்வி மட்டும் போகவில்லை. சைக்கிள் சங்கங்களின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான் என்பது பிற்பாடு படித்துப் பார்த்தபோது விளங்கியது.

சைக்கிள்காரர்கள் முதலில் கோஷ்டி சேர்ந்தது சந்தோஷத்துக்காக மட்டும் அல்ல, அடிக்குப் பயந்தும்தான். 1870-களின் சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆள் உயரம். அதன் உச்சியில் உட்கார்ந்து போகிறவனைக் கண்டால் இங்கிலாந்தின் சாலைகளில் நாய் குரைக்கும், பையன்கள் கல்லெறிவார்கள், குதிரைவண்டிக்காரர்கள் வசைபாடுவார்கள். 1876-இல் ஸெயிண்ட் ஆல்பன்ஸ் கோச்சு வண்டியின் சாரதி ஒரு சைக்கிள்காரரைச் சவுக்கால் வீசினான். கூட வந்த காவலாள் கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் எறிந்தான். இரண்டு வருஷம் கழித்து, 1878-இல், ஹாரோகேட் என்ற ஊரில் சைக்கிள் யாத்திரிகர் சங்கம் ஒன்று ஏற்பட்டது. ஆபத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நட்டது, உறுப்பினர்களுக்குச் சகாயமாக இடம் கொடுக்க ஹோட்டல்களோடு பேசி முடித்தது, வழக்கு வந்தால் வக்கீல் வைத்தது என்று அது செய்த வேலைகளைப் பார்த்தால் பொழுதுபோக்குச் சங்கமாகவே தோன்றாது. தொழிற்சங்கம் என்று தோன்றும்.

அந்தச் சங்கம் நடத்திய ஒரு வழக்கு மிகவும் சுவாரஸ்யமானது. 1898 அக்டோபரில் லேடி ஹார்பர்டன் என்ற சீமாட்டி சைக்கிளில் ஆக்கம் கிராமத்துக்குப் போய், அங்கிருந்த ஹாட்பாய் ஹோட்டலில் சாப்பாடு கேட்டாள். பாவாடை சைக்கிளுக்கு ஆகாது என்று முழங்காலோடு முடியும் தொளதொளத்த கால்சட்டை அணிவது அவள் கொள்கை. அந்த உடைக்காகவே ஒரு சங்கம் வைத்திருந்தவள் அவள். ஹோட்டல்காரியோ, இந்த உடையோடு கண்ணியமானவர்கள் உட்காரும் அறைக்குள் விடமாட்டேன், வேண்டுமானால் ஆண்கள் குடித்துக்கொண்டிருக்கும் அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். உறுப்பினருக்கு அவமானம் நேர்ந்தது என்று சைக்கிள் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1899-இல் தீர்ப்பு வந்தது, சங்கம் தோற்றது. சாப்பாடு மறுக்கப்படவில்லையே, இடம்தானே மாறியது என்பது ஹோட்டல்காரி தரப்பு நியாயம். இந்த நியாயத்தை நம் தேசத்தில் காபி ஹோட்டல் வாசலில் தனிக் குவளையோடு நிறுத்தப்பட்டவர்கள் நன்றாக அறிவார்கள்.

இங்கே சங்கம் கதவைத் தட்டியது. அமெரிக்காவில் சங்கமே கதவைச் சாத்தியது. 1880-இல் தொடங்கிய அமெரிக்கச் சைக்கிள் சங்கம் நல்ல சாலைகள் வேண்டும் என்று தேசம் முழுவதும் கிளர்ச்சி செய்த பெரிய சங்கம். மோட்டார்கள் இன்று ஓடுகிற சாலைகளுக்கு முதலில் வாதாடியவர்களில் அவர்களும் உண்டு. அதே சங்கம் 1894-இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி செய்தது. ஐந்தே வருஷத்தில், 1899-இல், மான்ட்ரியல் நகரத்தில் உலகச் சைக்கிள் பந்தயத்தில் வென்றவர் மேஜர் டெய்லர் என்ற கறுப்பர்! உலகத்துக்கே முதல்வராக வந்தவருக்குச் சொந்த நாட்டுச் சங்கத்தில் கடைசி வரிசையில்கூட இடமில்லை. 1932-இல் சிகாகோவில் அவர் பரம ஏழையாக இறந்துபோனார். அந்த விதியைச் சங்கம் பகிரங்கமாக நிராகரித்தது 1999-இல். நூற்றைந்து வருஷம் ஆயிற்று.

நம் தேசத்துக் கதை வேறு. 1923 அக்டோபர் 15-ஆம் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் உலகத்தைச் சைக்கிளில் சுற்றி வரப் புறப்பட்டார்கள். 1928 மார்ச்சில் சுற்றி முடித்துத் திரும்பி வந்தவர்கள் மூவர்: ஹக்கீம், பாபசோலா, பும்கரா. 44,000 மைல்! ஆனால் அதெல்லாம் அபூர்வம். சாமானியனுக்குச் சைக்கிள் பிழைப்புக்கான வாகனம். ராலே, ஹெர்குலிஸ் என்று கப்பலில் வந்து இறங்கிய காலத்திலும் சரி, 1949-இல் டி. ஐ. சைக்கிள் கம்பெனி ஏற்பட்டு அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கிய பிறகும் சரி, குடும்பத்தில் ஒரு சைக்கிள் இருந்தால் அது ஆபீஸுக்குப் போகும் ஆணுடையது. லைசன்ஸ் வில்லையும் விளக்கும் உண்டா என்று போலீஸ்காரர் பார்ப்பார். விடுமுறை நாளில் அது துடைத்து எண்ணெய் போடப்பட்டு ஓய்வெடுக்கும். வீட்டுப் பெண்கள் துடைக்கலாம்; ஏறுவதில்லை.

ஆகையால் தமிழ்நாட்டில் சைக்கிள் கோஷ்டியின் உண்மையான சரித்திரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், நான் சென்னையைச் சொல்லமாட்டேன். புதுக்கோட்டையைச் சொல்வேன்.

1991-இல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாப் பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்கவேண்டும். கற்பிக்கும் தொண்டர்களும் பெரும்பாலும் பெண்கள். ராத்திரி வகுப்புக்கு ஊர் விட்டு ஊர் போவது எப்படி? பஸ்ஸை நம்பினால் வகுப்பு நடக்காது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார், சைக்கிள் கற்பதை எழுத்துக் கற்பதோடு சேர்த்துவிட்டார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்குப் பாங்கியில் கடன் கிடைக்க வழி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்து வெளிகளில் சைக்கிள் பள்ளிக்கூடம் நடந்தது. ஒருத்தி ஏறுவாள், இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், நாலு பேர் கூடவே ஓடுவார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், ஆயாக்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லி இயக்கத்தார் பாட்டே கட்டிப் பாடினார்கள்.

தனியாக ஒரு பெண் சைக்கிளில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. முதல் நாட்களில் கேலியும் ஆபாசப் பேச்சும் தாராளமாகக் கிடைத்தன. ஸெயிண்ட் ஆல்பன்ஸ் சாரதிக்கு நம் ஊரிலும் சித்தப்பன் பெரியப்பன் உண்டு. ஆனால் ஒருத்தியைக் கேலி செய்யலாம். ஐம்பது பேரைக் கேலி செய்தால் வாய் வலித்துவிடும். 1992-ஆம் வருஷம் சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள், ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். இதை நேரில் போய் விசாரித்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டிய பெண்கள் 70,000-க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார். உறுப்பினர் சந்தா இல்லை, உடை விதி இல்லை, குலம் கேட்பாரில்லை. எந்த தேசத்துச் சங்கத்திலும் இவ்வளவு பேர் ஒரே மூச்சில் முதல் தடவையாகச் சேர்ந்ததாக நான் படித்ததில்லை.

ஒரு சிறு விஷயம். கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்துபோனபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். கிடைக்காததனால் வாங்கினார்கள் என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். ஆனால் சிலர் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். ஸீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே உள்ள பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை. லேடி ஹார்பர்டன் கால்சட்டைக்காகக் கோர்ட்டு வரை போனாள். இவர்கள் புடைவையோடு பாரைத் தாண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, 2001-2002 கல்வியாண்டில், மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் கொண்டுவந்தது. பிற்பாடு அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் எழுதட்டும். நான் கண்ணால் கண்டது ஒன்றுதான். லைட்ஹவுஸ் குப்பம் போய் வந்து சில வாரங்களுக்குப் பிறகு வேறு வேலையாகப் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இரட்டைப் பின்னலும் துப்பட்டாவுமாகப் பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். நாலு பேர் பக்கம் பக்கமாக, சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு, பேச்சு ஒரு வினாடியும் அறுபடாமல் வந்தார்கள். யாரும் பள்ளத்துக்குக் கை காட்டவில்லை. ஒருத்தி செயின் கழன்று நின்றாள். மற்ற மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் காலை ஊன்றி நின்று, பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். எங்கள் பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். செயின் மாட்டி முடிகிற வரையில் பஸ் நின்றது.