போர் வந்தது, புரட்சி வரவில்லை

சென்ற இதழில் 1917 பெட்ரோகிராடைப் பார்த்தோம். ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சுட அனுப்பப்பட்ட சிப்பாய்கள் அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டார்கள். முந்நூறு ஆண்டு ரோமனோவ் ஆட்சி பத்து நாளுக்குள் முடிந்தது. அதற்கு முன் 1905-இல் ஜார் ஆட்சியை உலுக்கியதும் ஜப்பானிடம் வாங்கிய அடிதான். 1918-இல் ஜெர்மன் கெய்சர் போனதும், வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் வம்சம் போனதும் இதே வழியில். அரபு உலகமும் விலக்கல்ல. 1948 பாலஸ்தீனப் போரில் அவமானப்பட்டுத் திரும்பிய எகிப்து அதிகாரிகள்தான் 1952-இல் மன்னர் ஃபாரூக்கைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இந்த வரிசையைப் பார்த்தால், பெரிய போர் ஒன்று வந்தால் பின்னாலேயே புரட்சியும் வரும் என்று விதியே எழுதிவிடலாம் போலிருக்கும். வளைகுடாவில் அந்த விதி பலிக்கவில்லை. ஓமனின் தோஃபாரில் பத்தாண்டு உள்நாட்டுப் போர், ஈரானும் இராக்கும் மோதிய எட்டாண்டுப் போர், குவைத் என்ற நாடே ஏழு மாதம் பறிபோன 1990–91 போர் என மூன்று பெரிய போர்கள் அந்தக் கரையில் நடந்தன. ஆனாலும் ஓமன், அமீரகம், கத்தார், பஹ்ரைன், குவைத், சவூதி ஆகிய ஆறு நாடுகளிலும் அன்று ஆண்ட குடும்பங்களே இன்றும் ஆள்கின்றன.

போர் தானாக ஆட்சியைக் கவிழ்ப்பதில்லை. போரை நடத்துவதற்காக ஆள்பவர் தன் குடிகளிடம் என்ன கேட்கிறார் என்பதுதான் கவிழ்க்கிறது. ஜார் தன் மக்களிடம் ஒன்றரைக் கோடி ஆண்களைக் கேட்டார். அவர்கள் வீட்டு ரொட்டியையும் கேட்டார். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது, கையில் துப்பாக்கியும் வந்துவிடுகிறது. வளைகுடா ஆட்சியாளர்கள் பெரும்பாலும் ஆளையும் கேட்கவில்லை, வரியையும் கேட்கவில்லை. அதனால் அங்கே போர் வேறு வேலையைச் செய்தது: மக்கள் ஆட்சியாளரை மாற்றுவதற்கு முன்னால், ஆளும் குடும்பங்களே தங்கள் ஆளை மாற்றிக்கொள்ள வைத்தது.

இதற்கு நல்ல சாட்சி ஓமன். 1932 முதல் ஆண்ட சுல்தான் சயீத் பின் தைமூர், 1958-க்குப் பிறகு தலைநகர் மஸ்கட்டின் பக்கமே வரவில்லை. தெற்கே சலாலா அரண்மனையில் இருந்தபடி ஆட்சி நடத்தினார். 1970-இல் நாடு முழுவதற்கும் பள்ளிக்கூடங்கள் மூன்று. தார்ச்சாலை சுமார் பத்துக் கிலோமீட்டர். பொழுது சாய்ந்து சில மணி நேரத்தில் மஸ்கட் கோட்டைக் கதவை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் தெருவில் நடப்பவர் கையில் விளக்கு இருந்தாக வேண்டும். 1965 ஜூன் 9 அன்று தோஃபார் மலைகளில் கிளர்ச்சி தொடங்கியபோது அது ஒரு மாகாணத்தின் மனக்குறைதான். 1967 நவம்பரில் பக்கத்து ஏடனை விட்டு பிரிட்டன் வெளியேற, அங்கே இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து ஆயுதமும் மார்க்ஸும் சேர்ந்தே வந்தன. 1968-இல் கிளர்ச்சிக்காரர்கள் கூடிப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்: ஆக்கிரமிக்கப்பட்ட அரபு வளைகுடாவின் விடுதலைக்கான மக்கள் முன்னணி. தோஃபார் போய், முழு வளைகுடாவும் அவர்கள் இலக்கில் வந்துவிட்டது.

1970 ஜூன் 12 அன்று, தோஃபாரிலிருந்து வெகுதூரம் தள்ளி, வட ஓமனின் இஸ்கி ராணுவ முகாம் தாக்கப்பட்டது. தாக்குதல் முறியடிக்கப்பட்டாலும், தீ வடக்கே வந்துவிட்டது என்பது மஸ்கட்டில் இருந்த பிரிட்டிஷாருக்குப் புரிந்தது. ஆறு வாரத்துக்குள், ஜூலை 23 அன்று, அவர்கள் துணையோடு சலாலா அரண்மனையில் மகன் காபூஸ் தந்தையை இறக்கினார். கைகலப்பில் தன் துப்பாக்கியாலேயே தன் காலைச் சுட்டுக்கொண்ட சயீத் பிரிட்டிஷ் விமானத்தில் ஏற்றப்பட்டு, லண்டன் ஹோட்டலொன்றில் மிச்ச நாட்களைக் கழித்தார். இதைப் புரட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் புரட்சி கேட்டதில் பாதியை அடுத்த ஐந்தாண்டில் இந்த மாற்றம் செய்து கொடுத்தது. பள்ளி, மருத்துவமனை, சாலை எல்லாமே மலையில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை.

அந்தப் போர் நடந்த விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சுல்தானின் படையை நடத்தியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். சிப்பாய்களில் பெரும்பகுதி பலூச்சிகள். 1958 வரை ஓமனுக்குச் சொந்தமாக இருந்த குவாதர் கரையிலிருந்து வந்தவர்கள். 1973 டிசம்பரில் ஈரான் ஷா ஆயிரக்கணக்கில் படை அனுப்பினார், ஜோர்டானும் உதவியது. தோஃபார் மக்களிடமிருந்து ஆள் எடுத்தது பெரும்பாலும் ஒரு வழியில்தான்: சரணடைந்த போராளிகளை, கோத்திரம் கோத்திரமாக, ‘ஃபிர்கா’ என்ற கூலிப்படைகளாக்கினார்கள். ஒரு ஃபிர்கா தன் மேய்ச்சல் நிலத்தில் ஓரிடத்தைக் காட்டும். ராணுவம் அதைப் பிடிக்கும். பின்னாலேயே இயந்திரம் வந்து ஆழ்துளைக் கிணறு போடும். தண்ணீர் வந்ததும் ஒரு மருந்தகம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை. மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குடிகள் அங்கே வந்து சேர்வார்கள். எதிரிக்கு இடம் கொடுத்தால் தண்ணீர் நிற்கும் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். குடிகளிடம் வாங்கி நடத்தப்பட்ட போர் அல்ல, குடிகளுக்குக் கொடுத்து நடத்தப்பட்ட போர் இது. 1975 டிசம்பரில் போர் முடிந்ததாகக் காபூஸ் அறிவித்தார்.

எல்லாம் எண்ணெய்ப் பணம், இதில் வாதமென்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். பணம் இல்லாமல் கிணறு ஏது? உண்மைதான். ஆனால் எண்ணெய் இருந்த இராக்கில் 1958-இல் மன்னர் குடும்பம் சுட்டுக்கொல்லப்பட்டது. எண்ணெய் இருந்த லிபியாவில் 1969-இல் கடாஃபி வந்தார். எண்ணெயில் மிதந்த ஈரானில் 1979-இல் ஷா ஓடினார். ஓமனே 1967 முதல் எண்ணெய் ஏற்றுமதி செய்தது. கிளர்ச்சி வலுத்தது அதற்குப் பிறகுதான். பணம் பெட்டியில் இருப்பது வேறு, அதை வெளியே எடுக்கும் அவசரம் வேறு. அந்த அவசரத்தைத் தந்தது போர். அபுதாபியில் 1966-இல் ஷேக் ஷக்பூத்தை இறக்கித் தம்பி ஷேக் ஜாயித் ஆட்சியேற்றதற்கும் காரணம் இதே பூட்டிய பெட்டிதான்.

பிரிட்டனின் பாதுகாப்பு என்று இன்னொரு பதில் உண்டு. அதுவும் பாதிதான் சரி. பிரிட்டன் முழுப் பலத்தோடு நின்ற ஏடனில்தான் அது தோற்று வெளியேறியது. லிபிய மன்னர் இத்ரீஸின் மண்ணில் அமெரிக்கத் தளம், பிரிட்டிஷ் தளம் இரண்டும் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. வளைகுடாவில் பிரிட்டன் இருந்ததைவிட, போகப்போகிறேன் என்று சொன்னதுதான் அதிகம் வேலை செய்தது என்பேன். 1971-க்குள் வெளியேறுவோம் என்று லண்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அடுத்த மாதமே ஜாயிதும் துபாயின் ராஷிதும் பாலைவனக் கூடாரத்தில் ஒன்றுசேர்வதென்று கை குலுக்கினார்கள். பக்கத்தில் தோஃபார் எரிந்துகொண்டிருந்தது. 1971 டிசம்பர் 2 அன்று ஆறு அமீரகங்களின் கூட்டமைப்பு பிறந்தது. ராஸ் அல் கைமா அடுத்த பிப்ரவரியில் சேர்ந்தது. இடையே, 1972 ஜனவரியில், 1965-இல் பதவியிழந்த முன்னாள் ஆட்சியாளர் சகர், ஷார்ஜா அரண்மனையில் புகுந்தார். ஆட்சியாளர் காலித் கொல்லப்பட்டார். இரண்டு மாதம்கூட ஆகாத கூட்டமைப்பின் படை உள்ளே போய் அதை அடக்கியது. ஆண்டவர்கள் தங்களுக்குள் ஒன்றுசேர்ந்து கட்டிய அரசு அது.

குவைத்தை மறந்துவிட்டீர்களே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மறக்கவில்லை, என் வாதத்துக்கு அதுதான் உரைகல். 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் ஹுசைனின் படை நுழைந்ததும் ஆளும் குடும்பம் சவூதிக்குப் போய்விட்டது. உள்ளே தங்கியவர்கள் ரொட்டி சுட்டார்கள், குப்பை அள்ளினார்கள், கூட்டுறவுக் கடைகள் வழியாக உணவைப் பங்கிட்டார்கள். ‘ஜம்இய்யா’ என்று இன்றும் எல்லோரும் சாமான் வாங்கப் போகும் அதே கடைகள்தான். வெளியே போன அமீருக்கோ, தான்தான் ஆட்சியாளர் என்று உலகத்துக்குச் சொல்ல அந்த மக்களின் வாய்ச்சொல் தேவைப்பட்டது. அக்டோபரில் ஜெட்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவைத்தியர் கூடினார்கள். 1986-இல் கலைக்கப்பட்ட நாடாளுமன்றம் திரும்ப வரும் என்று அங்கே வாக்குக் கொடுக்கப்பட்டது. 1992 அக்டோபர் தேர்தலில் எதிர்த்தரப்பினர் பாதிக்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தார்கள். மூன்று போர்களில், வளைகுடா ஆட்சியாளர் தன் குடிகளிடம் ஒன்றைக் கேட்க நேர்ந்த ஒரே போரில்தான் குடிகளும் ஒன்றைத் திரும்பப் பெற்றார்கள். புரட்சி அல்லதான், ஆனால் பொறி அதேதான்.

அதே குவைத்தில் போரின் பாரத்தை இன்னும் அதிகம் சுமந்தவர்கள் இருந்தார்கள். கடையும் சம்பளமும் சேமிப்பும் போய், பாலைவனம் தாண்டி அம்மானில் ஏர் இந்தியா விமானத்துக்குக் காத்துக்கிடந்த சுமார் 1,70,000 இந்தியர்கள். தமிழரும் மலையாளியும் அதில் கணிசம். பெட்ரோகிராடில் புட்டிலோவ் ஆலைத் தொழிலாளிக்கு நாடு விட்டுப் போக வழியில்லை, கவிழ்த்தார். இங்கே தொழிலாளிக்கு விசா ரத்தானால் அவ்வளவுதான். 1950-களிலும் 60-களிலும் சவூதியிலும் பஹ்ரைனிலும் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. உள்ளூர்த் தொழிலாளர் இயக்கம் என்று ஒன்று அங்கே இருந்தது. உடல் உழைப்பு வெளிநாட்டுக்காரர் கைக்கு மாறிய பிறகு அது மெலிந்துபோனது. வளைகுடாவில் புரட்சி வராததற்கு அரண்மனை, எண்ணெய், பிரிட்டன் எல்லாவற்றையும் ஆராய்ந்த எழுத்தாளர்களில் பலர் இந்தப் பக்கத்தைப் போகிறபோக்கில்தான் தொட்டிருக்கிறார்கள்.

கேட்காமல் போர் நடத்தும் காலம் இப்போது முடிந்துவருகிறது. அமீரகம் 2014-இல் ஆண் குடிமக்களுக்குக் கட்டாய ராணுவ சேவையைச் சட்டமாக்கியது. கத்தாரும் அதே காலத்தில். 2015 செப்டம்பர் 4 அன்று ஏமனின் மாரிப்பில் ஒரே ஏவுகணையில் 45-க்கும் மேற்பட்ட அமீரக வீரர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டு முதல் நவம்பர் 30 அங்கே தியாகிகள் நினைவு நாள். 2018-இல் அமீரகத்திலும் சவூதியிலும் வாட் வரி வந்தது. ஆளும் கேட்கிறார்கள், வரியும் கேட்கிறார்கள். பதிலுக்குக் கொடுப்பது இன்னும் மெதுவாகத்தான்: அமீரகத்தின் கூட்டாட்சி தேசிய கவுன்சிலில் 40 இடங்களில் பாதிக்குத்தான் தேர்தல். குவைத்திலோ 2024 மே மாதம் அமீர் நாடாளுமன்றத்தை மறுபடி கலைத்து, நான்காண்டு வரை அது கூடாது என்று அறிவித்துவிட்டார். ஒரு காலத்தில் கிணறு வெட்டிக்கொடுத்துப் போரை வென்ற ஓமன், 2028 முதல் தனிநபர் வருமானத்துக்கு வரி வசூலிக்கச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் 5 சதவீதம். அந்த ஆறு நாடுகளில் இப்படி ஒரு வரி போடும் முதல் நாடு அதுதான்.

அடுத்த இதழில் ஏடன்.