இராபின்சன் குரூசோவும் நம் மாணவி எழுப்பிய வினாவும்

நூலொன்றைப் பிறர்க்குப் பரிந்துரைப்பது கற்றறிந்த பெரியோர்க்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். மதிப்புரை எழுதுவோரும் பேராசிரியரும் நல்ல நூல் இதுவென்று காட்ட, மாணவர் அதனை ஏற்றுப் படிப்பதே முறை என்பது பொதுக்கருத்து. ஆயின் சாகச நாவல்களின் வரலாறு வேறு வகையானது. பெரியவர்களுக்கென எழுதப்பட்ட நாவல்கள் சிலவற்றை இளைஞர் தாமே கண்டெடுத்துத் தமக்குரியவை ஆக்கிக்கொண்டனர். ஒருவன் படித்து முடித்து, 'நீயும் படி' என்று அடுத்தவன் கையில் கொடுத்த காரணத்தாலேயே அவை நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமையன்று கடைசிப் பாடவேளை நூலகத்திற்கு உரியது. அவ்வேளையில் வாரம் ஒரு மாணவர் எழுந்து, தாம் விரும்பிப் படித்த நூலொன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். முடிவைச் சொல்லக்கூடாது, ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் கூற வேண்டும், இவையே விதிகள். ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதியில் தங்கி 9ஆம் வகுப்பில் படித்த ஒரு மாணவி, 'இராபின்சன் குரூசோ' நாவலின் தமிழ்ச் சுருக்கத்தை ஒருநாள் பரிந்துரைத்தாள். அதனைத் தொடர்ந்து அவள் எழுப்பிய வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவ்வினாவின் ஆழம் விளங்க வேண்டுமாயின் நூலின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

நூலாசிரியர்

இந்நாவலை எழுதிய டேனியல் டீபோ, 1660ஆம் ஆண்டையொட்டி இலண்டன் மாநகரில் மெழுகுவத்தி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் குடும்பத்தார் இங்கிலாந்தின் அரசத் திருச்சபையை ஏற்காத மாற்றுக் கிறித்தவப் பிரிவினர். அப்பிரிவினர்க்கு அந்நாளில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் கதவுகளும் அடைக்கப்பட்டிருந்தன. கதவு அடைக்கப்பட்டது கண்டு அவர்கள் கல்வியைக் கைவிட்டாரல்லர். தாமே தனிக் கல்விக்கூடங்களை நிறுவிக்கொண்டனர். நியூவிங்டன் கிரீன் என்னுமிடத்தில் சார்லசு மார்ட்டன் என்பார் நடத்திய அத்தகைய கூடமொன்றிலேயே டீபோ பயின்றார். இலத்தீன் கோலோச்சிய அக்காலத்தில் மார்ட்டன் தம் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். பின்னாளில் அவர் அமெரிக்கா சென்று ஆர்வர்டு கல்லூரியின் முதல் துணைத்தலைவரானார். விலக்கப்பட்டோர் தமக்கெனக் கட்டிய பள்ளியொன்றின் பயனை, வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

டீபோ வணிகம் செய்து 1692இல் நொடித்துப்போனார். திருச்சபையின் கடும்போக்கினரை எள்ளி எழுதிய சிறு நூலுக்காக 1703இல் சிறைப்பட்டு, மூன்று நாள் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். ஏறத்தாழ 59ஆம் வயதில், 1719 ஏப்பிரல் 25ஆம் நாள், இராபின்சன் குரூசோவை வெளியிட்டார். முகப்பில் அவர் பெயர் இல்லை. மாலுமியே தன் வரலாற்றை எழுதியதாக அச்சிடப்பட்டிருந்தது. நான்கு மாதங்களுக்குள் நான்கு பதிப்புகள் வந்தன.

தனித்தீவில் வாழ்ந்த இருவர்

இந்நாவலுக்கு வித்தாக அமைந்ததென்று பலரும் கூறுவது அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் இசுகாட்லாந்து மாலுமியின் வரலாறாகும். கப்பல் கடலுக்கு ஏற்றதன்று எனத் தலைவனோடு பூசலிட்டு, 1704இல் சிலி நாட்டின் மேற்கே பசிபிக் கடலிலுள்ள குவான் பெர்னாண்டசுத் தீவொன்றில் அவன் இறங்கிக்கொண்டான். நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் தனித்து வாழ்ந்து, 1709 பிப்பிரவரியில் ஊட்சு ராசர்சு என்பாரின் கப்பலால் மீட்கப்பட்டான். ஆடுகளை ஓடித் துரத்திப் பிடித்ததும், எலித்தொல்லை நீங்கப் பூனைகளைப் பழக்கியதும் ராசர்சு எழுதிய பயண நூலின் வாயிலாக 1712இல் நாடெங்கும் பரவின.

ஆனால் அதே தீவில் செல்கிர்க்குக்கு முன்பே மற்றொருவன் தனித்து வாழ்ந்தான் என்பது பலரும் அறியாத செய்தி. அவன் நடு அமெரிக்காவின் மிசுகிட்டோ என்னும் பழங்குடியைச் சேர்ந்தவன். 1681இல் அவன் காட்டில் ஆடு வேட்டையாடிக்கொண்டிருந்தபோது, இசுபானியக் கப்பல்கள் வருவது கண்ட கடற்கொள்ளையர் அவனை விட்டுவிட்டு விரைந்தனர். கத்தியைப் பல் வைத்து அரம்போலாக்கித் துப்பாக்கிக் குழலை அறுத்தான். அவ்விரும்பைத் தீயிலிட்டுக் கல்லால் அடித்து ஈட்டியும் தூண்டில் முள்ளும் செய்தான். கடல்நாயின் தோலைக் கீறித் தூண்டில் கயிறாக்கினான். இவ்வாறு மூன்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 1684இல் மீட்கப்பட்டான். இதனைத் தம் 1697ஆம் ஆண்டுப் பயண நூலில் எழுதியவர் வில்லியம் டாம்பியர். அந்நூலில் அவன் 'வில்' என்று குறிக்கப்படுகின்றான். அது ஆங்கிலேயர் இட்ட பெயர்.

1966இல் சிலி அரசு அத்தீவுக்கு 'இராபின்சன் குரூசோத் தீவு' என்றும், அக்கூட்டத்தின் மற்றொரு தீவுக்கு 'அலெக்சாண்டர் செல்கிர்க் தீவு' என்றும் பெயர் சூட்டியது. கற்பனை மாந்தனுக்கு ஒரு தீவு கிடைத்தது. இசுகாட்லாந்து மாலுமிக்கு ஒரு தீவு கிடைத்தது. இரும்பைக் காய்ச்சி அடித்த அப்பழங்குடி மகன் பெயரால் அங்கே தீவு இல்லை.

நூல் இளைஞர்க்கு உரியதானமை

முழு நூல் வாங்க இயலாத எளியோர்க்கு அதன் சுருக்கங்கள் மலிவுப் பதிப்புகளாக வந்தன. தலைச்சுமை வணிகர் அவற்றை ஊரூராகக் கொண்டு சென்று விற்றனர். கல்விக்கூடம் காணாத தொழிலாளர் வீட்டிலும் குரூசோ இவ்வாறு நுழைந்தான். 1762இல் பிரெஞ்சு மொழியில் 'எமில்' என்னும் கல்வி நூலை எழுதிய ரூசோ, தம் கற்பனை மாணவன் எமில் முதன்முதல் படிக்க வேண்டிய நூல் இராபின்சன் குரூசோவே என்றும், நெடுநாள்வரை அவனுடைய நூலகம் முழுவதும் அந்த ஒரு நூலாகவே இருக்கட்டும் என்றும் கூறினார். உலகக் கல்வி வரலாற்றில் ஒரு சாகச நாவலுக்குக் கிடைத்த மிகப் பெரும் பரிந்துரை இதுவேயாகும்.

ஆயின் ரூசோ ஒரு கட்டுப்பாடு விதித்தார். கப்பல் உடைவதில் தொடங்கி, மீட்புக் கப்பல் வருவதோடு கதை முடிந்துவிட வேண்டும். ஏனையவை தேவையில்லை என்றார். பிற்காலச் சிறுவர் சுருக்கங்கள் பலவும் இவ்வழியையே பின்பற்றின. இதனால் விடுபட்டுப்போனது என்ன? குரூசோ மூர்களிடம் சிக்கி ஏறத்தாழ இரண்டாண்டு தானே அடிமையாக இருந்தவன். சூரி என்னும் சிறுவனோடு தப்பி வந்தவன், தன்னோடு உயிர்பிழைத்த அச்சிறுவனை 60 வெள்ளிக் காசுகளுக்குக் கப்பல் தலைவன் ஒருவனிடம் விற்றுவிடுகின்றான். பின்னர் அவன் ஏறிச்சென்று உடைந்த கப்பலும் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கிவரப் புறப்பட்ட கப்பலே. சுருக்கத்தை மட்டும் படித்த மாணவர் இவற்றை அறியார்.

மாணவியின் பரிந்துரை

நம் மாணவி கூறிய மூன்று காரணங்களை இனிக் காண்போம். முதலாவது, விதை. கோழித் தீவனப் பையை உதறிய இடத்தில் வாற்கோதுமையும் நெல்லும் முளைத்தது கண்ட குரூசோ, அக்கதிரைத் தின்னாமல் விதைக்கு வைத்தான். நான்காம் ஆண்டில்தான் அதில் சிறிதளவு உண்டான். "பசியிலும் விதைநெல்லைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எங்கள் ஆயாவுக்குத் தெரியும், அதனால் இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது" என்றாள். அவள் பெற்றோர் வயற்கூலிகள். இரண்டாவது, படகு. பெருமரத்தை வெட்டிப் பல மாதம் உழைத்துப் படகு குடைந்தவன், அதைத் தண்ணீருக்கு இழுத்துச் செல்ல முடியாமல் விட்டுவிட்டான். "தொடங்கும் முன்பே எண்ண வேண்டும் என்று நூறு தடவை சொல்வதைவிட இந்தப் படகு நன்றாகச் சொல்கிறது" என்றாள். மாணவர் சிரித்தனர். மூன்றாவது, கடற்கரை மணலில் கண்ட ஒற்றைக் காலடி. "அது யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி அமர்ந்தாள்.

அன்று மாலையே அந்த ஒரு பிரதிக்குப் பதினோரு பேர் பெயர் கொடுத்தனர். பலரும் படித்து முடித்தபின் மற்றொரு வெள்ளிக்கிழமையில் அதைப் பற்றிப் பேசினோம். அப்போதுதான் அவள் எழுந்து கேட்டாள்: "ஐயா, பிரைடேக்கு அவன் அப்பா வைத்த பெயர் என்ன?"

நான் அந்நூலைப் பதினான்கு வயதில் ஆங்கிலத் துணைப்பாடமாகப் படித்தவன்; ஆசிரியனாகிப் பலமுறை கற்பித்தவன். இக்கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றிரவு முழு ஆங்கில நூலையும் எடுத்துத் தேடினேன். நாவலின் முதல் பத்தியே குரூசோவின் பெயர் வரலாறுதான். அவன் தந்தை பிரெமன் நகரத்தார். குடும்பப்பெயர் கிரைட்சுநேர் என்பது. அது ஆங்கிலேயர் வாயில் குரூசோ எனத் திரிந்தது. தாய்வழிக் குடும்பப்பெயர் இராபின்சன். இத்துணை விரிவாகத் தன் பெயரைக் கூறும் குரூசோ, தான் காத்த மனிதனிடம் 'உன் பெயர் என்ன' என்று கேட்கவேயில்லை. மீட்ட கிழமையைப் பெயராக இட்டான்; பின் 'எசமான்' என்னும் சொல்லைக் கற்பித்து, அதுவே தன் பெயர் என்றான். கிளிக்கு மட்டும் 'ராபின் குரூசோ' என்று தன் உண்மைப் பெயரைச் சொல்லக் கற்பித்திருந்தான். பிரைடேயின் தந்தையும் கதையில் வருகின்றார், மகன் அவரைத் தழுவிக்கொள்கின்றான், ஆயினும் அவர் மகனைப் பெயர் சொல்லி அழைப்பதாக ஓர் இடமும் இல்லை. தந்தையின் பெயரும் இல்லை.

இக்கேள்வி நம் வீட்டுப் பிள்ளையிடமிருந்து பிறந்ததில் வியப்பொன்றும் இல்லை. என் பாட்டனாருக்கு அவர் தந்தையார் இட்ட பெயர் ஒன்று. பண்ணைக் கணக்கில் எழுதப்பட்ட பெயர் வேறொன்று. பண்ணையார் இட்ட பெயரிலேயே அவர் நெல் வாங்கினார், கடன்பட்டார், இறந்தார். என்னைப் பள்ளியில் சேர்த்த நாளில் என் தந்தையார் ஆசிரியரிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: "பெயரைக் குறைக்காமல் முழுசாக எழுதுங்கள் ஐயா."

நூலை விலக்க வேண்டுமா?

வகுப்பில் ஒரு மாணவன், "அப்படியானால் இந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிடலாம்" என்றான். அதற்கு அம்மாணவி, "இதைப் படிக்காமல் இருந்தால் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேனே" என்று விடையிறுத்தாள். என் கருத்தும் அதுவே.

அவள் கேட்ட வினாவை உலகின் பெரும் எழுத்தாளர் சிலரும் தத்தம் வழியில் எழுப்பியிருக்கின்றனர். பிரெஞ்சு எழுத்தாளர் மிசேல் தூர்னியே 1967இல் பிரைடேயை முதன்மையாக்கி ஒரு நாவல் எழுதினார். 1971இல் அதனைச் சிறுவர்க்கென மாற்றியும் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளின் டெரக் வால்காட், 1978இல் அரங்கேறிய நாடகமொன்றில், முதலாளியும் பணியாளும் குரூசோ, பிரைடே வேடங்களை மாற்றிக்கொள்ளச் செய்தார். தென்னாப்பிரிக்காவின் கூட்சி 1986இல் எழுதிய நாவலில் பிரைடே நா அறுபட்டவனாகத் தோன்றுகின்றான். அவன் கதையைச் சொல்ல எவராலும் இயலவில்லை. பின்னிருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். எங்கள் மாணவி இவர்களுள் ஒருவரையும் படித்தவளல்லள் என்பதை எண்ணி மகிழ்ந்தேன்.

இவ்வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. கல்விக்கூடத்தின் கதவு தம் இனத்தார்க்கு அடைக்கப்பட்ட துன்பத்தை டீபோ அறிந்தவர்; ஊரார் முன் நிறுத்தப்பட்ட இழிவையும் அறிந்தவர். எனினும் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தை ஆதரித்து எழுதினார். அவர் படைத்த குரூசோவும் அடிமைத்தளையிலிருந்து தப்பியபின் சூரியை விற்றான். தாம் பட்ட துயர் பிறர் துயரைத் தானாகவே உணர்த்திவிடுவதில்லை. அதனைக் கேட்டுக் கேட்டே கற்க வேண்டியிருக்கின்றது. படித்து முன்னேறிய நம்மவர், இன்னும் முன்னேறாத நம் தெருக்காரரிடம் நடந்துகொள்ளும் முறையை எண்ணிப் பார்க்கும்போது, இப்பாடம் நமக்கும் உரியதென்றே கூறுவேன்.

நம் சங்கம் செய்யத்தக்கது

நமது சங்கம் நடத்தும் மாலைநேரப் படிப்பகங்களில் பாடநூலும் தேர்வு வழிகாட்டியும் நிறைய உள்ளன, கதைநூல்கள் குறைவு. சாகச நாவல் படிப்பது பொழுதைப் பாழாக்கும் செயல் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். பதினோரு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதும், ஒரு தலைமையாசிரியனை இரவு முழுதும் தேட வைத்ததும் ஒரு சாகச நாவலே என்பதை அவர்கட்குத் தெரிவித்துக்கொள்கின்றேன். ஒவ்வொரு படிப்பகத்திற்கும் இத்தகைய நாவல்கள் சிலவற்றை, இயலுமாயின் சுருக்கத்தோடு முழு நூலையும், வாங்கி வைக்குமாறு வேண்டுகின்றேன்.

அத்துடன் ஒரு பதிவேடும் வேண்டும். எங்கள் பள்ளியில் உள்ள பதிவேட்டில் நான்கு கட்டங்கள் உள்ளன: நூலின் பெயர், பிடித்தது, கேட்க விரும்புவது, பரிந்துரைப்பவர் பெயர். அம்மாணவி மூன்றாம் கட்டத்தில் தன் வினாவை எழுதி, நான்காம் கட்டத்தில் தந்தையின் முதலெழுத்தோடு தன் பெயரை முழுமையாக எழுதியிருக்கின்றாள். அதற்குக் கீழே இன்றுவரை பல பெயர்கள் சேர்ந்துள்ளன. நம் படிப்பகங்களின் பதிவேடுகளும் அவ்வாறே நிறையட்டும் என வெள்ளிவிழா நாளில் வாழ்த்தி அமைகின்றேன்.