காடாத் துணியும் அரக்கும்

தபாலாபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் பார்சல் தைத்துத்தான் அப்பா எங்களை வளர்த்தார். காடாத் துணி, கோணி ஊசி, அரக்குக் குச்சி, காப்பி பென்சில். அவ்வளவுதான் கடை.

1877இலேயே வி.பி.பி. என்ற தபால் முறை வந்துவிட்டது. பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். புத்தகமும் பஞ்சாங்கமும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின. அவற்றுக்கு மூலை மடங்காமல் இருந்தால் போதும், முறுக்குதான் பெரும்பாடு. தகர டப்பாவைக் காதோரம் வைத்து அப்பா மெல்லக் குலுக்குவார். லேசாகச் சத்தம் கேட்டாலும் மூடியைத் திறந்து, சந்துகளில் பொரியை அடைப்பார். "உள்ளே ஆடினா உடையும்டா" என்பார். பிறகு துணியை இழுத்துப் பிடித்து நெருக்கமாகத் தையல். தையல் மேல் சம இடைவெளியில் அரக்கை உருக்கிச் சொட்டி, ஆறுமுன் பித்தளை முத்திரை. அரக்கு உடையாமல் தையலைப் பிரிக்க முடியாது. அந்த நேர்த்தியை இன்றைய டேப்பில் நான் பார்க்கவில்லை.

பீங்கானுக்கு வைக்கோல், உமி. ஒருமுறை உமி குறைந்து ஊறுகாய் ஜாடி விரிசல் விட்டது. அனுப்பிய பெண்மணியிடம் அப்பா கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

குமிழ் பிளாஸ்டிக் 1957இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் தாளாகத்தான் பிறந்தது. எங்கள் மரத்தடிக்கு அது வரும்போது அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. கடைசிவரை அவர் விரல் நுனியில் காப்பி பென்சிலின் ஊதாக் கறை இருந்தது.